பொலோன்யாவில் படித்துக்கொண்டே வார இறுதியில் ஐரோப்பா சுற்ற முடியுமா?

செப்டம்பரில் இத்தாலியின் பொலோன்யாவுக்கு முதுகலை படிக்க வருகிறேன், வெள்ளி சாயங்காலம் கிளம்பி ஞாயிறு ராத்திரி திரும்புகிற மாதிரி வாரம் ஒரு நாடு பார்த்துவிட முடியுமா, 20 யூரோவுக்கு விமான டிக்கெட் கிடைக்கிறதாமே, தனியாக விசா ஏதும் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுற்றலாம், தாராளமாகச் சுற்றலாம். ஆனால் வாரம் ஒரு நாடு என்ற கணக்கை இப்போதே விட்டுவிடுங்கள். அதே ஊரில் படித்து, படிப்பு முடிந்தும் இங்கேயே தங்கிவிட்டவன் என்ற முறையில் என் யோசனை இதுதான்: சாதாரண சனிக்கிழமைகளில் உள்ளூர் ரயிலில் பக்கத்து ஊர், எப்போதாவது ஒரு முறை தரைவழியாக எல்லை தாண்டிப் பக்கத்து நாடு, விடுமுறை சேர்ந்து நாலு நாள் கிடைக்கும்போது மட்டும் விமானம். ஏன் என்று கீழே சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் காகித விஷயம். இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் டிக்கெட் போடுகிறவர்கள்தான் அதிகம்.

நீங்கள் வருவது இத்தாலியின் டி விசாவில், அதாவது நீண்ட காலம் தங்குவதற்கான விசாவில். வந்திறங்கி 8 வேலை நாட்களுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு, அதாவது எல்லோரும் பெர்மெஸ்ஸோ என்று சொல்வதற்கு, தபால் நிலையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே கொடுக்கும் விண்ணப்ப உறையைக் 'கிட்' என்பார்கள். 16 யூரோ முத்திரை வில்லை ஒன்றைப் புகையிலைக் கடையில் வாங்கி ஒட்ட வேண்டும், அதுபோக மற்ற கட்டணங்களும் சேர்ந்து நூறு யூரோவைத் தாண்டும். தபால் நிலையத்தில் ஒரு ரசீது கொடுப்பார்கள். ரிச்செவூத்தா என்பது அதுதான். பிறகு போலீஸ் அலுவலகமான க்வெஸ்தூராவில் கைரேகை கொடுக்க ஒரு தேதி. அதன் பிறகு பெர்மெஸ்ஸோ அட்டை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். எத்தனை மாதம் என்று யாரும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டால் தோளைக் குலுக்குவார்கள்.

இந்தக் காத்திருப்பில் எங்கே போகலாம், எங்கே கூடாது? டி விசா செல்லுபடியாக இருக்கும் வரை மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளிலும் 90 நாள் வரை போய் வரலாம். இத்தாலியில் இருக்கும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. அட்டை கைக்கு வந்த பிறகும் இதே 90 நாள் விதிதான். சிக்கல் இவை இரண்டுக்கும் நடுவில். விசா முடிந்துவிட்டது, அட்டை வரவில்லை, கையில் ரசீது மட்டும்தான் என்றால் அந்த ரசீதை வைத்து இத்தாலிக்குள் சட்டப்படி இருக்கலாம், ஆனால் வேறு ஷெங்கன் நாட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. விமானம் மாறுவதற்காக இறங்குவதுகூட ஆகாது. டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் அந்த நிலையில் துபாய், தோஹா வழியாகத்தான் டிக்கெட் போட வேண்டும், ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். அதனால் விசா ஒட்டியிருக்கும் பக்கத்தை இப்போதே திறந்து முடிவு தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முதல் அட்டை பொதுவாக ஓராண்டுக்குத்தான். அதைப் புதுப்பிக்கக் கொடுத்தால் மறுபடியும் ரசீதோடு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதற்குள் டி விசாவும் முடிந்திருக்கும். ஆகவே இரண்டாம் ஆண்டில் கணிசமான காலம் நீங்கள் இத்தாலிக்குள்ளேயே அடைபட்டிருக்க நேரலாம். முதல் ஆண்டில் கையில் செல்லும் விசாவோ அட்டையோ இருக்கும்போதே எல்லை தாண்டிய பயணங்களை முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம், இத்தாலிக்குள் பார்க்க வேண்டியதை அடைபட்ட மாதங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். அட்டை முடிவதற்கு 60 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம், தள்ளிப்போடாதீர்கள்.

ஷெங்கனில் இப்போது 29 நாடுகள். குரோவேஷியா 2023 ஜனவரியில் சேர்ந்தது, ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரியிலிருந்து முழுமையாக. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. அயர்லாந்தும் பிரிட்டனும் கிடையாது, அவற்றுக்குத் தனி விசா, தனிச் செலவு. வார இறுதிக்காக அந்த வேலையில் இறங்காதீர்கள்.

ஷெங்கனுக்குள் எல்லையே இல்லை என்று படித்திருப்பீர்கள். நடைமுறை வேறு. இத்தாலியிலிருந்து பிரான்சுக்குப் போகும் ரயிலில் வென்திமிலியா தாண்டியதும், மென்தோன் பக்கத்துச் சின்ன நிலையத்தில் பிரெஞ்சுப் போலீஸ் ஏறி பெட்டி பெட்டியாகப் பார்ப்பார்கள். ஸ்லோவேனியா எல்லையில் இத்தாலி 2023 அக்டோபரிலிருந்து சோதனையைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது, ஜெர்மனி 2024 செப்டம்பரிலிருந்து எல்லா நில எல்லைகளிலும் பார்க்கிறது. நம் நிறத்தில் இருப்பவர்களிடம் முதலில் கேட்பார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. பேருந்தில் பக்கத்து இருக்கை ஆள் ஹெட்போனைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார், நம் பாஸ்போர்ட் மட்டும் கீழே போய் அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வரும். கோபம் வரும், வந்தாலும் வேறு வழியில்லை. அசல் பாஸ்போர்ட்டும் அசல் அட்டையும் எப்போதும் உடம்போடு ஒட்டிய பையில் இருக்கட்டும். கைபேசியில் இருக்கும் படம் எல்லையில் செல்லாது.

சரி, இப்போது அந்த 20 யூரோ டிக்கெட்.

பாரிஸை எடுத்துக்கொள்வோம். போக 22, வர 28 என்று ஐம்பது யூரோவுக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பொலோன்யா ரயில் நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு மோனோரயில் ஏழெட்டு நிமிடம்தான், ஆனால் ஒரு வழிக்குப் பன்னிரண்டு யூரோவுக்கு மேல். மலிவு விமானம் பெரும்பாலும் பாரிஸில் இறங்காது, போவே என்ற ஊரில் இறங்கும், பாரிஸிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். அங்கிருந்து பேருந்து ஒன்றே கால் மணி நேரம், ஒரு வழிக்குப் பதினேழு பதினெட்டு யூரோ. ஹாஸ்டலில் ஒரு கட்டில் இரண்டு இரவுக்கு எண்பதுக்குக் குறையாது. மெட்ரோ ஒவ்வொரு தடவையும் இரண்டரை யூரோ. சாப்பாடு, ஒரு அருங்காட்சியகம் சேர்த்தால் இருநூற்று முப்பதில் வந்து நிற்கும். பணத்தை விடுங்கள், நேரத்தைப் பாருங்கள். வீட்டை விட்டுக் கிளம்பி, விமானத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்து, பறந்து, வரிசையில் நின்று வெளியே வந்து, பேருந்தில் போய், மெட்ரோ மாறி ஹாஸ்டல் கதவைத் தட்ட ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பவும் அதே ஆறு. நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பன்னிரண்டு போய்விட்டது, தூக்கம் இரண்டு ராத்திரி, மிச்சம் இருப்பதில் லூவர் வரிசை. திங்கள் காலை ஒன்பது மணி வகுப்பில் கண் சொருகும்.

போவே மட்டும் இல்லை. பார்சிலோனா என்று விற்கப்படும் ஜிரோனா, பிரஸ்ஸல்ஸ் என்ற பெயரில் ஷார்ல்ருவா, மியூனிக்குக்கு மேற்கே என்று சொல்லப்படும் மெம்மிங்கன், ஃபிராங்க்ஃபர்ட் என்ற பெயரோடு அங்கிருந்து 120 கிலோமீட்டரில் இருக்கும் ஹான் எல்லாமே இந்த வகை. டிக்கெட் எடுக்குமுன் விமான நிலையத்தின் பெயரை வரைபடத்தில் தேடிப்பாருங்கள், கடைசிப் பேருந்து எப்போது என்றும் பாருங்கள். பக்கத்தில் இறங்கும் ஊர்கள் என்றால் விமானம் லாபம்தான்.

பை விஷயமும் சொல்லிவிடுகிறேன். ரயனேரிலும் விஸ்ஸிலும் இலவசமாக எடுத்துப் போகக் கூடியது 40க்கு 30க்கு 20 சென்டிமீட்டர், ஈசிஜெட்டில் 45க்கு 36க்கு 20. கேட்டில் வைத்து அளந்து பெரிதாக இருந்தால் டிக்கெட்டை விட அதிகமாகக் கறந்துவிடுவார்கள். மடங்கும் துணிப்பை நல்லது, ஜாக்கெட்டின் பைகளை நிரப்பிக்கொள்வது அதைவிட நல்லது. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் பாதுகாப்புச் சோதனைக்கு முன் விமான நிறுவனக் கவுண்டரில் ஆவணங்களைக் காட்டச் சொல்லியிருக்கிறதா என்று போர்டிங் பாஸில் பார்த்துவிடுங்கள். பலர் நேராகக் கேட்டுக்குப் போய்த் திரும்பி ஓடி வருவதைப் பார்த்திருக்கிறேன். தாமதமானால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, 1500 கிலோமீட்டருக்குள்ளான பயணம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் 250 யூரோ கேட்கலாம், காரணம் வானிலை மாதிரி அவர்கள் கையில் இல்லாததாக இருந்தால் கிடைக்காது. நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே விண்ணப்பியுங்கள், நடுவில் தரகுக் கம்பெனி வேண்டாம்.

இப்போது உண்மையில் உங்களுக்குக் கிடைத்திருக்கும் அதிர்ஷ்டத்துக்கு வருகிறேன். பொலோன்யா இத்தாலிய ரயில் பாதைகளின் சந்திப்பு. ஃபுளோரன்ஸுக்கு அதிவேக ரயிலில் முப்பத்தேழு நிமிடம், மிலனுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அதிவேக ரயில் டிக்கெட் விமானம் மாதிரி, நாள் நெருங்க நெருங்க ஏறும். ஆனால் ரெஜியொனாலே என்ற சாதாரண ரயிலுக்கு விலை தூரத்தை வைத்துத்தான், ஒரு மாதம் முன்னால் எடுத்தாலும் ஐந்து நிமிடம் முன்னால் எடுத்தாலும் ஒன்றே. சனிக்கிழமை காலை எழுந்து வெயில் எங்கே அடிக்கிறது என்று பார்த்து முடிவு செய்யலாம். மோதெனா, ஃபெராரா அரை மணி நேரத்துக்கு முன்பின். வெரோனா ஒன்றரை, வெனிஸ் இரண்டு மணி நேரம். ரிமினியில் இறங்கிப் பேருந்தில் ஐம்பது நிமிடம் மலையேறினால் சான் மரினோ, கணக்குக்கு அதுவும் தனி நாடுதான். வாரம் ஒரு நாடு ஆசைக்கு அதை வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் முதல் சனிக்கிழமை ரவென்னா. ஒன்றே கால் மணி நேரம், எட்டு யூரோ மாதிரி ஆகும். ஐந்து, ஆறாம் நூற்றாண்டு மொசைக் வேலை. மேற்கு ரோமப் பேரரசின் கடைசிக் காலத் தலைநகர் அது, பிறகு பைசாந்தியர், அதாவது கிழக்கு ரோமப் பேரரசினர் கைக்குப் போனது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண செங்கல் கட்டடங்கள். கல்லா பிளாசிதியா கல்லறைக் கட்டடம் நம் ஊர்ப் பக்கத்துச் சின்ன மண்டபம் அளவுதான் இருக்கும், உள்ளே ஒரு குழுவுக்குச் சில நிமிடம்தான் அனுமதி. நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய அலபாஸ்டர் கல் பலகை, அதன் வழியே தேன் நிற வெளிச்சம் கசியும். கண் பழகப் பழகத் தலைக்கு மேல் கருநீல வானமும் பொன் நட்சத்திரங்களும் மெதுவாகத் துலங்கி வரும். பலர் உடனே கைபேசியைத் தூக்கிவிடுகிறார்கள், முதல் நிமிடம் தூக்காதீர்கள். பக்கத்திலேயே 547இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் வித்தாலே தேவாலயம், அங்கே பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியனும் அரசி தியோடோராவும் பரிவாரத்தோடு நேராக நம்மையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கொஞ்ச தூரம் நடந்தால் இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் கல்லறை. 1321இல் அவர் இறந்தது இங்கேதான், அவரை நாடு கடத்திய ஃபுளோரன்ஸ் இன்றும் ஆண்டுதோறும் அந்தக் கல்லறை விளக்குக்கு எண்ணெய் அனுப்புகிறது. முக்கியமான இடங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே டிக்கெட், கல்லறைக் கட்டடத்துக்கு நேரம் பதிவு செய்ய வேண்டும்.

ரெஜியொனாலே ரயிலில் காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். செயலியில் எடுத்தது என்றால் செக்-இன் பொத்தானை அழுத்த வேண்டும். டிக்கெட் வாங்கியிருந்தும் இதைச் செய்யாமல் அபராதம் கட்டுகிற வெளிநாட்டு மாணவர்கள் ஒவ்வொரு செப்டம்பரிலும் உண்டு.

அப்புறம் ஷோபெரோ, அதாவது வேலை நிறுத்தம். இத்தாலியில் இது பருவமழை மாதிரி, வரும் என்று தெரிந்தேதான் வாழ வேண்டும். ரயில் வேலை நிறுத்தம் பல சமயம் வியாழன் இரவு 9 மணிக்குத் தொடங்கி வெள்ளி இரவு 9 வரை, சரியாக நீங்கள் கிளம்பும் நேரம். முன்கூட்டியே அறிவித்துத்தான் செய்ய முடியும் என்பதால் போக்குவரத்து அமைச்சகத்தின் தளத்தில் தேதிப் பட்டியல் இருக்கும். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட உள்ளூர் ரயில்கள் கட்டாயம் ஓட வேண்டும் என்று விதி. ஹாஸ்டலுக்குப் பணம் கட்டும் முன் அந்தப் பட்டியலை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

எல்லை தாண்டுவதில் எனக்குப் பிடித்தவை இரண்டு, இரண்டுமே ரயில்.

ஒன்று பெர்னினா, ஆல்ப்ஸ் மலை ஏறிச் சுவிட்சர்லாந்துக்குள் போகும் ரயில் பாதை. மிலனிலிருந்து திரானோவுக்குச் சாதாரண ரயிலில் இரண்டரை மணி நேரம், பாதி வழி கோமோ ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டியே ஓடும், போகும்போது இடது பக்கம் உட்காருங்கள். திரானோவில் ஒரு ராத்திரி தங்கினால் மலிவு. மறுநாள் காலை அங்கிருந்து சுவிஸ் சிவப்பு ரயில். கிளம்பியதும் ஊருக்கு நடுவே, தேவாலயத்துக்கு முன்னால் இருக்கும் சதுக்கத்தை கார்களோடு கார் மாதிரி கடந்து போகும். புரூசியோவில் வட்டமான கல் பாலத்தில் தன்னையே ஒரு சுற்றுச் சுற்றி மேலேறும், பிறகு பல்சக்கரம் எதுவும் இல்லாமல் 7 சதவீதச் சரிவில் 2253 மீட்டர் வரை ஏறிப் பனிக்கு நடுவே நிற்கும். பாதை முழுமையானது 1910இல், யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது 2008இல். விளம்பரத்தில் வரும் கூரைவரை கண்ணாடி வைத்த எக்ஸ்பிரஸுக்கு முன்பதிவுக் கட்டணம் தனி. அதே தண்டவாளத்தில், அதே மலைக்குள், சாதாரண ரயிலும் ஓடுகிறது. அதற்கு முன்பதிவு வேண்டாம், ஜன்னலைக் கீழே இறக்கிக்கொள்ளலாம், படத்தில் கண்ணாடிப் பிரதிபலிப்பும் விழாது. எக்ஸ்பிரஸ் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். செயின்ட் மோரிட்ஸ் வரை ஒரு வழிக்கே முப்பது ஃபிராங்குக்கு மேல், அது சுவிஸ் விலை, என்ன செய்ய. செயின்ட் மோரிட்ஸில் சாப்பிடாதீர்கள், பணக்காரர்கள் ஊர். திரும்பித் திரானோவுக்கு வந்து பிட்சொக்கேரி சாப்பிடுங்கள்: பக்வீட் மாவில் செய்த பட்டை நூடுல்ஸோடு முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, ஏகப்பட்ட சீஸ். சைவம், குளிருக்கு அவ்வளவு இதம். இன்னொரு விஷயம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017இலிருந்து ரோமிங் கட்டணம் இல்லை, ஆனால் சுவிட்சர்லாந்து அதில் சேராது. எல்லையில் டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது கொரீசியா வழியாக ஸ்லோவேனியா. பொலோன்யாவிலிருந்து வெனிஸின் மெஸ்த்ரே நிலையத்தில் மாறி கொரீசியா. ஊரின் மறுபாதி எல்லைக்கு அந்தப் பக்கம், நோவா கொரீசா என்ற பெயரில். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கோடு போட்டபோது பழைய ஊர் இத்தாலிக்கும் ரயில் நிலையம் யூகோஸ்லாவியாவுக்கும் போய்விட்டது. நிலையத்துக்கு முன்னால் இருக்கும் சதுக்கத்தின் குறுக்கே வேலி இருந்தது, 2004இல்தான் எடுத்தார்கள். இப்போது தரையில் ஒரு வட்டத் தகடு, அதன் மேல் நின்றால் ஒரு கால் இத்தாலியில், ஒரு கால் ஸ்லோவேனியாவில். 2025இல் இரண்டு ஊரும் சேர்ந்து ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகராக இருந்தன. அந்த நிலையத்திலிருந்து 1906இல் திறந்த மலைப்பாதை வடக்கே போகிறது. கிளம்பிச் சில நிமிடத்தில் பச்சை நிற சோச்சா ஆற்றின் மேல் சோல்கான் பாலம், 85 மீட்டர் நீளத்தைத் தாண்டும் அதன் கல் வளைவுதான் ரயில் பாலங்களில் உலகிலேயே பெரிய கல் வளைவு. இரண்டு மணி நேரத்துக்குள் பிளெட் ஏரி. பாதையில் பராமரிப்பு நடந்தால் பாதி வழி பேருந்தில் ஏற்றிவிடுவார்கள், கிளம்பும் முன் ஸ்லோவேனிய ரயில்வே தளத்தைப் பாருங்கள். ஞாயிறு தலைநகர் லூப்லியானா பார்த்துவிட்டு அங்கிருந்து இரவுக்குள் பேருந்தில் திரும்பலாம். இவ்வளவுக்கும் ஆகும் செலவு பாரிஸ் கணக்கில் பாதிகூட வராது.

மியூனிக், இன்ஸ்ப்ரூக் பக்கம் என்றால் பிரென்னர் கணவாய் வழியாக நேரடி ரயில் பொலோன்யாவிலிருந்தே உண்டு, முன்கூட்டி எடுத்தால் மலிவு. வியன்னாவுக்கு இரவு ரயில். இரவுப் பேருந்து எல்லா ஊருக்கும் உண்டு, இருபத்து மூன்று வயதில் தாங்கும், ஆனால் எல்லையில் அதிகாலை மூன்று மணிக்கு எழுப்பிப் பாஸ்போர்ட் கேட்பார்கள் என்பதைத் தெரிந்தே ஏறுங்கள்.

விமானத்தை எப்போது எடுப்பது? போந்தே, அதாவது விடுமுறையோடு ஒட்டி வரும் நீண்ட வார இறுதி, கிடைக்கும்போது. ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2, நவம்பர் 1, டிசம்பர் 8 ஆகியவை தேசிய விடுமுறை, பொலோன்யாவுக்கு அக்டோபர் 4 ஊர்க் காவல் புனிதர் நாள். இவை வியாழனிலோ செவ்வாயிலோ விழுந்தால் நடுவில் இருக்கும் ஒரு நாளையும் சேர்த்து இத்தாலி முழுவதும் விடுப்பு எடுத்துவிடும். அந்தத் தேதிகளுக்கு டிக்கெட் இரண்டு மூன்று மாதம் முன்னால் எடுக்க வேண்டும். விலை குறைவான காலம் நவம்பர் நடுவிலும் ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி வரையும். குளிர்தான், ஆனால் அப்போதுதான் லிஸ்பன், செவில்யா, ஏதென்ஸ் மாதிரி தெற்கு ஊர்கள் இதமாக இருக்கும். ஆகஸ்டில் அங்கெல்லாம் போய் வெந்து சாகாதீர்கள்.

பாரிஸ் போனால் அட்டையை மறக்காதீர்கள். 26 வயதுக்குக் கீழே இருந்து, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசிக்கிறீர்கள் என்று காட்ட முடிந்தால் லூவர் இலவசம், எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பது கணக்கில்லை. உங்கள் பெர்மெஸ்ஸோ அதற்குச் சான்று. இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களின் இளைஞர் சலுகை ஐரோப்பியக் குடிமக்களுக்கு, நமக்குக் கிடைக்காது, ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம். கூட்டம் பயங்கரமாக இருக்கும், ஃபுளோரன்ஸின் உஃபித்சியை அன்றைக்குப் பார்க்காதீர்கள், சின்ன ஊர் அருங்காட்சியகங்களுக்குப் போங்கள். பாரிஸில் பசித்தால் கார் து நோர் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பேல் பக்கம் நடங்கள், தெரு முழுக்க ஈழத்தமிழர் கடைகள், கொத்து ரொட்டியும் தோசையும் கிடைக்கும்.

தமிழர் என்றதும் பலெர்மோ ஞாபகம் வருகிறது. அட்டைக்காகக் காத்திருந்து வெளியே போக முடியாத மாதங்களில் சிசிலிதான் என் பரிந்துரை. பொலோன்யாவிலிருந்து நேரடி விமானம், உள்நாட்டுப் பயணம் என்பதால் எல்லைத் தலைவலி இல்லை. பலெர்மோவில் எண்பதுகளிலிருந்தே ஈழத்தமிழர்கள் குடியேறியிருக்கிறார்கள். ஊரின் காவல் புனிதர் சாந்தா ரொசாலியா, அவருடைய குகைக் கோவில் மோந்தே பெல்லக்ரீனோ மலைமேல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை அந்த மலைப்பாதையில் நடந்தால் குழந்தை குட்டியோடு ஏறிக்கொண்டிருக்கும் தமிழ்க் குடும்பங்களைப் பார்க்கலாம், அவர்களில் பலர் இந்துக்கள். குகைக்குள் பாறையிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தகரத் தகடுகள் வைத்துப் பிடித்து ஓரமாக வடியவிட்டிருப்பார்கள். இறங்கி வந்து பல்லரோ சந்தையில் பனெல்லே வாங்கிச் சாப்பிடுங்கள், கடலைமாவில் பொரித்தது, பஜ்ஜிக்குள் காய் இல்லாத மாதிரி இருக்கும். எனக்குப் பாரிஸை விட இது பெரிய அனுபவம், ஆனால் சமூக ஊடகத்தில் போட்டால் பாரிஸுக்குத்தான் லைக் விழும்.

சாப்பாட்டுச் செலவைக் குறைக்கும் ஒரே வழி கட்டுச்சோறு. புளியோதரை ஒன்றரை நாள் தாங்கும், வாசனைக்கு ரயிலில் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். காபியை நின்றுகொண்டே குடியுங்கள், சுற்றுலா இடங்களில் மேசையில் உட்கார்ந்தால் விலை இரட்டிப்பாகும். ஹங்கேரி, செக், போலந்து போனால் அங்கே யூரோ இல்லை, ஏடிஎம் 'யூரோவில் மாற்றிக் கழிக்கட்டுமா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி உள்ளூர் நாணயத்தைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் மாற்று விலையில் நன்றாகத் தீட்டிவிடுவார்கள். காப்பீட்டுத் தாளையும் எடுத்துப் படியுங்கள். மாணவர்கள் பெர்மெஸ்ஸோவுக்காக எடுக்கும் மலிவான காப்பீடு பல சமயம் இத்தாலிக்குள் மட்டும்தான், சுவிஸில் கால் உடைந்தால் உங்கள் பாடு. வெனிஸுக்கு ஏப்ரல் முதல் ஜூலை வரை குறிப்பிட்ட தேதிகளில் பகல்நேரப் பயணிகளுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம், கடைசி நேரத்தில் கட்டினால் 10.

மாதம் எவ்வளவு என்று கேட்டால், மேலே சொன்ன மாதிரி பக்கத்து ஊர்களும் எப்போதாவது எல்லை தாண்டலுமாக இருந்தால் நூறிலிருந்து நூற்றைம்பது யூரோவுக்குள் அடக்கலாம். விமான மாதங்களில் இன்னொரு நூறு கூடும்.

கடைசியாக உதவித்தொகை. நம் பிள்ளைகளில் நிறையப் பேர் இத்தாலிக்கு வருவதே பிராந்திய உதவித்தொகையை நம்பித்தான், நீங்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். முதல் ஆண்டில் ஆகஸ்ட் 10க்குள் குறிப்பிட்ட அளவு கிரெடிட் சேர்க்காவிட்டால் அடுத்த தவணை கையை விட்டுப் போகும். இங்கே பல பாடங்களுக்கு வருகைப் பதிவு கட்டாயமில்லை, அதனால் வெள்ளிக்கிழமை வகுப்பை விட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று தோன்றும், ஆனால் வகுப்புக்கு வராதவர்களுக்குப் பாடத்திட்டமே தனியாக, நீளமாக இருக்கும் பேராசிரியர்கள் உண்டு, முதல் வாரமே கேட்டுக்கொள்ளுங்கள். தேர்வுகள் ஜனவரி பிப்ரவரியிலும் ஜூன் ஜூலையிலும், விட்டதைப் பிடிக்க செப்டம்பரிலும். ஒரு பாடத்துக்கே இரண்டு மூன்று தேதி கொடுப்பார்கள். முதல் தேதியிலேயே எழுதி முடித்துவிட்டால் பிப்ரவரியில் பத்து நாள் போல உங்கள் கையில் சும்மா இருக்கும், மலிவு டிக்கெட்டும் அப்போதுதான். தேர்வுத் தேதி வெளியான பிறகு விமான டிக்கெட் எடுங்கள், முன்னால் எடுக்காதீர்கள். விசா முடிவு தேதியையும், எந்தத் துறை என்பதையும் எழுதினால் முதல் செமஸ்டருக்கு எந்த வார இறுதியில் எங்கே என்று இன்னும் துல்லியமாகச் சொல்கிறேன்.